பாவம் பார்க்கும் மீன்கள்

2009 ஐப்பசி மழையில் சேவூர் ஏரி நிரம்பியது. கூடவே மச்ச சுவாமியும் வந்து சேர்ந்தார். பழைய பெயர் பரசுராமன். பழைய தொழில் என்னவென்று யாரும் கேட்கவில்லை. தாடி இருந்தது, மான் தோல் இருந்தது, போதாதா?

பொழுது சாய்ந்ததும் தண்ணீருக்கடியில் பச்சை ஜோதி தெரியும். மீன்கள் மொய்க்கும். பக்தர் படியிறங்கிக் காலை நனைக்க வேண்டும். மீன்கள் நின்றால் புண்ணியவான். ஜோதி வெள்ளையாகச் சிமிட்டி மீன்கள் சிதறினால் பாவி. சிமிட்டுவது அம்மனின் கண்ணாம். ஆரணி டவுன் பஸ்கள் பிதுங்கி வழிந்தன. காலேஜில் பௌதிகம் நடத்துகிறவர்கூட பேன்ட்டை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்.

விசித்திரம் என்னவென்றால், தறியில் பட்டு வைத்திருப்பவர்களே பாவிகளானார்கள். கூலிக்கு நாற்று நடுகிறவர்கள் எல்லாரும் புண்ணியவான்கள். அம்மன் ஆள் பார்த்துத்தான் கண் சிமிட்டினாள்.

பட்டு நெசவாளி குமரேசன் காலை வைத்தான். மீன்கள் ஓடின. தறியில் தோஷம், தறியில் ஓடும் பாவு நூலை அறுத்துவிட்டு நெய்த பட்டை நாளை என் மடத்தில் சேர்த்துவிடு என்றார் சுவாமி.  மூன்று சேலைக்கான பாவு அது. இரண்டாவது சேலை பாதியில் நின்றது. நடுவில் அறுத்தால் நூல் கொடுத்த முதலாளி இனி வாசலில் நிற்க விடமாட்டார். தெரிந்தும் மறுநாள் கத்தியைத் தீட்டினான். பயம் வந்த பிறகு கணக்கு எங்கே வரும்? மனைவி பானுப்ரியா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னை வெட்டிட்டு அப்புறம் பாவை வெட்டு" என்றாள்.

அந்த நேரத்தில்தான் தெருமுனை தென்னரசு வந்தான். காசிமேட்டில் மீன்பிடிப் படகில் வேலை. தீபாவளிக்கு ஊர் வந்தவன் இன்னும் திரும்பவில்லை. விவரம் கேட்டவன் சிரிக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி, குமரேசனை ஏரிக்கு அழைத்துப் போனான்.

கூட்டத்தின் நடுவே கும்பிட்டபடி நின்று தென்னரசு கேட்டான்: "சாமி, நீங்க ஒரு தபா தண்ணியில கால் வைங்க. மகான் காலுக்கு எவ்ளோ மீன் வருதுன்னு ஜனங்க பாக்கணும்ங்க."

சுவாமி மறுத்தார். பக்தி விடவில்லை. நாலு பேர் அவரை அலாக்காகத் தூக்கிப் படியில் இறக்கினார்கள். பச்சை ஒளியில் மீன்கள் அவர் காலைச் சுற்றின. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தென்னரசு கரையில் காலியாகக் கிடந்த சுவாமியின் மான் தோலில் உட்கார்ந்து, அதனடியில் துருத்திய பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினான். அம்மன் கண் சிமிட்டினாள். ஒரு மீன் நிற்கவில்லை. மறுபடி அழுத்தினான். மறுபடி ஓட்டம். பிறகு ஒயரைப் பிடித்து இழுத்தான். ஒரு முனையில் கார் பேட்டரியும் மறுமுனையில் கண்ணாடிக்குள் அடைத்த பச்சை, வெள்ளை என இரண்டு விளக்குகளும் வெளியே வந்தன.

"கடல்ல இந்த மாதிரி லைட்டை வலையில கட்டிப் பரிட்சை பண்ணிகினு இருக்காங்க" என்றான் தென்னரசு. "ஆமை விலகிப் போவணும், வேண்டிய மீன் மட்டும் மாட்டணும்னு. இவரும் அதையேதான் பண்ணாரு. வலை மட்டும் நமக்கு."

சுவாமி முழங்கால் தண்ணீரிலேயே நின்றார். கரையேறினால் என்ன கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. குமரேசன் மடியிலிருந்த கத்தியை எடுத்து ஏரியில் வீசிவிட்டு வீட்டுக்கு ஓடினான். பானுப்ரியா இன்னும் தறிக்குழியில்தான் இருந்தாள்.

பௌதிக ஆசிரியர் மெதுவாக விசாரித்தார், படவேடு பக்கம் இன்னொரு சாமியார் எண்ணெய் இல்லாமல் தண்ணீரிலேயே விளக்கெரிக்கிறாராமே, நிஜமா என்று. கண் கூசும் வெளிச்சம் அடித்தால் ஆமைகூட வலையை விட்டு விலகுகிறது. நாமோ பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்குகிறோம்.