மெல்ல மெல்ல ஒரு சாப்பாடு

இனிமேல் நிதானமாகத்தான் சாப்பிடுவேன் என்று முடிவெடுத்தேன். உயிரே போனாலும் நிதானம்தான்.

நான் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவன். பொடி மணல் அளவு திருகாணியைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டிவிடுவேன். கைக்கு அவ்வளவு பொறுமை. வாய்க்கு மட்டும் ரயிலைப் பிடிக்கிற அவசரம். தட்டை வைத்த சத்தம் அடங்குமுன் தட்டு காலி. அப்புறம் வயிற்றுக்குள் இடி, மின்னல்.

டாக்டர் சொன்னார்: "மெல்ல மெல்லணும். கவனிச்சுச் சாப்பிடணும். உங்களை நீங்க கவனிச்சுக்கிட்டாத்தான் மத்தவங்களைக் கவனிக்க முடியும்."

கடைசி வரி தேனாக இனித்தது. காரணம், வீட்டில் ஒரு வாண்டு. எங்கள் மகள்தான். ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு உலகத்தையே சுற்றிவருவாள். அவளுக்கு ஊட்டி முடிப்பதற்குள் என் மனைவியின் சோறு ஆறிப்போகும். அதையும் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன்.

"இனி உள் அறையில கதவைச் சாத்திக்கிட்டுத்தான் சாப்பிடுவேன். யாரும் கூப்பிடக் கூடாது."

"ஏங்க, உள்ள பிரசவமா பார்க்கப்போறீங்க?"

"கவனம்டி, கவனம்! சாப்பாட்டைக் கவனிச்சுச் சாப்பிடணும்."

"சரி. வாண்டை யாரு கவனிக்கிறது?"

"முதல்ல என்னை நான் கவனிச்சுக்கிறேன். அப்புறம் உங்களை."

"ஓகோ! என்னை நான் எப்போ கவனிக்கிறது?"

"நீயும் கவனிச்சுக்கோயேன். நானா வேண்டாங்கறேன்?"

தாராளமாகச் சொல்லிவிட்டேன். சொல்ல என்ன செலவு?

சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். எட்டி எட்டிப் பார்த்தேன். அவளோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டாள். ஆவி பறந்தது. கையை நீட்டினேன்.

"இருங்க. டாக்டர் வேற என்ன சொன்னார்?"

"வர்றது உண்மையான பசியா, வெறும் பழக்கமான்னு முதல்ல கவனிக்கணும்னார்."

"கவனிச்சீங்களா?"

"அதான் பசிக்குதே!"

"அதை வாய் சொல்லக் கூடாதுங்க, வயிறு சொல்லணும். கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்க."

மூடினேன். வயிறு ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் மடி கனத்தது. ஆகா, தியானத்தின் ஆழத்துக்கே போய்விட்டோம் என்று நினைத்தேன். ஆழம் என் மூக்கைப் பிடித்துத் திருகியது.

கண்ணைத் திறந்தால் மடியில் வாண்டு. பக்கத்தில் அவள் கிண்ணம். என் தட்டைக் காணோம். உள் அறைக் கதவு தாழ்ப்பாள் போட்டுச் சாத்தியிருந்தது.

"ஏய், அது என் தட்டு!"

"யாரும் கூப்பிடக் கூடாதுங்க. நான் என்னைக் கவனிச்சுக்கிட்டிருக்கேன்."

"அப்போ நான்?"

"வாண்டு சாப்பிட்டு முடிக்கட்டும். உங்களுக்குச் சூடாப் போடறேன்."

ஒரு வாய் ஊட்டினேன். கன்னத்தில் ஒதுக்கினாள். அவ்வளவுதான். யானையாக நடந்தேன். குரங்காகக் குதித்தேன். சோறு கன்னத்தைவிட்டு நகரவில்லை.

"முழுங்குடி தங்கம்! சீக்கிரம் முழுங்கு! அப்பா பாவம்டி!"

கதவுக்குப் பின்னாலிருந்து நிறைவாக ஓர் ஏப்பம் கேட்டது. பின்னாலேயே குரலும்:

"அவசரப்படுத்தாதீங்க. அவ மெல்ல மெல்லட்டும்!"

என் வயிறு அப்போதுதான் வாயைத் திறந்து பதில் சொன்னது. உண்மையான பசியேதான்.