காலிஞ்சு அளந்த ஆறு

மனிதப் பிறவி எடுத்த அத்தனை பேரும் அளவு தப்பிப் பிறந்தவர்கள், அவர்களைத் திருத்தத்தான் கடவுள் தன்னை மலாயாவின் செரண்டா ஊருக்கு அனுப்பியிருக்கிறார் என்று மனதார நம்பிய தையல்காரர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஊருக்கே அவர் காலிஞ்சு. கால் இஞ்சு கூட, கால் இஞ்சு குறைய என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சு வருவது அபூர்வம்.

நான் அப்போது பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. வேலையில் சேர்ந்த புதிதில் அவரிடம் ஒரு சிலுவார், முழுக்கால் சட்டை, தைத்துக்கொண்டேன். நின்றால் பிரமாதமாக இருந்தது. உட்கார்ந்தால் மூச்சு நின்றது. நாள் முழுக்க ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவன் நான். போய் முறையிட்டேன்.

“உக்காந்தா துணி கசங்கும் கிராணி. நின்னுக்கிட்டே எழுதுங்களேன்.”

“கொஞ்சம் துணி விட்டுத் தச்சா என்னண்ணே?”

“ஒடம்பு எங்க முடியுதோ அங்க துணியும் முடியணும். மிச்சம் வச்சுத் தச்சா அதுக்குப் பேரு சாக்குப்பைலா.”

அது அவசரகாலம்; காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிக்கொண்டிருந்தான். ஒரு நாள் ராணுவ லோரி ஒன்று கடை வாசலில் நின்றது. இறங்கிய வெள்ளைக்காரச் சிப்பாயின் அரைக்கால் சிலுவார் ஒரு பக்கம் இறங்கியிருந்ததைக் காலிஞ்சு பார்த்துவிட்டார். டேப்பை உருவிக்கொண்டு அவன் பின்னால் ஓடினார். சிப்பாய் திரும்பித் துப்பாக்கியை நீட்டினான். இவர் அவன் முழங்காலருகே குந்தியபடி, “ஆடாம நில்லுப்பா, அளவு தப்பிரும்” என்றாராம். அவனும் நின்றானாம். நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சத்தியம் செய்பவர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் மேய் லான் தன் நடன உடையைத் தைக்கக் கொடுத்தாள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் சீனக் குடும்பத்துப் பெண். எங்கள் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருந்த லயத்தை ஒட்டி வளர்ந்தவள் என்பதால் தமிழ் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அவசரகாலம் வந்ததும், கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போடக் கூடாதென்று காட்டோரக் கம்பத்துக் கிராமங்களில் இருந்த சீனர்களை லோரிகளில் ஏற்றி, முள்கம்பி வேலி போட்ட புதுக்கிராமங்களில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். மேய் லான் வீட்டார் செரண்டா வேலிக்குள் வந்தார்கள். அவளுக்கு நிச்சயம் செய்திருந்த ஆ சோங்கின் குடும்பம் வடக்கே கோலா குபு பாரு என்ற ஊர்ப் பக்கத்து வேலிக்குள் போய்விட்டது. பகலில் உள்ளூர்க் கடைத்தெரு வரை போய்வரலாம்; அடுத்த ஊர் வேலிக்குள் போக அதிகாரிகளின் பாஸ் வேண்டும், அது லேசில் கிடைக்காது. ஒன்றரை வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த வருடம் சீனர்களின் ஏழாம் மாதத் திருநாளுக்கு, ஒரே ஒரு பிற்பகல் நடனம் நடத்திக்கொள்ள அதிகாரிகள் சம்மதித்தார்கள். மேய் லானும் ஆ சோங்கும் முன்பு சீனப் பள்ளியில் சேர்ந்து ஆடிய பழைய காதல் கதை அது. வானத்தில் நெசவு நெய்யும் பெண் ஒருத்தி, பூமியில் மாடு மேய்க்கிறவனைக் கட்டிக்கொள்கிறாள். மேலே உள்ளவர்களுக்குப் பொறுக்கவில்லை. இருவருக்கும் நடுவே நட்சத்திரங்களால் ஓர் ஆற்றை ஓடவிடுகிறார்கள். வருடத்தில் ஒரு நாள்தான் சந்திப்பு. மாடு மேய்ப்பவனாக ஆட ஆ சோங்குக்கு அந்த ஒரு நாள் பாஸ் கிடைத்திருந்தது. ஆட்டம் இல்லையென்றால் பாஸும் இல்லை.

அந்த ஆட்டத்துக்கு உயிரே சட்டைக் கைதான். விரல் நுனியைத் தாண்டி வெள்ளைப் பட்டு நீளமாகத் தொங்கும். மேய் லான் துணியும் படமும் கொடுத்து, ஒவ்வொரு கையும் நாலு கஜம் என்று எழுதியும் வைத்துவிட்டுப் போனாள்.

நாலு கஜக் கையைக் காலிஞ்சு எப்படிப் பொறுத்துக்கொள்வார்? பிள்ளை ஏதோ தவறாக எழுதிவிட்டது என்று இரக்கப்பட்டு, மணிக்கட்டோடு வெட்டிவிட்டார். மிச்சப் பட்டில் அவளுடைய இரண்டு தங்கைகளுக்கும் கொசுவம் வைத்து ஆளுக்கொரு பாவாடை தைத்து, ஆட்டத்துக்கு முதல் நாள் காலையில் அவள் அப்பாவிடம் பெருமையாகக் கொடுத்தனுப்பினார்.

மத்தியானம் மேய் லான் கடைக்குள் ஓடிவந்தபோது நானும் இருந்தேன்.

“அண்ணே, கை எங்கண்ணே?”

“இருக்கே. மணிக்கட்டோட கச்சிதமா நிக்கும் பாரு.”

“ஆட்டம் சொல்லிக் குடுக்குற டீச்சர், இத வச்சி ஆட முடியாது, நிறுத்திருவோங்குறாங்க. நின்னுட்டா அவரு வர முடியாதுண்ணே!”

“எவரு?”

வெட்டுமேசையில் சாய்ந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். “ஆத்துக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் அவரு. என் சட்டைக் கை பறந்து போயி அவரு கைல விழணும். அதுக்கு மேல கிட்டப் போகக் கூடாது.”

காலிஞ்சு கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்:

“ஆறு எத்தன கஜம்?”

கடையை அடைத்துவிட்டுப் புறப்பட்டார். எனக்கும் கால் நிற்கவில்லை, கூடவே போனேன். புதுக்கிராமத்து வாசலில் சோதனை போடும் போலீஸ் சார்ஜன் தமிழர்தான்.

“எங்க கெளம்பிட்டீங்க?”

“ஆத்த அளக்கணும் சார்ஜன்.”

“உள்ள ஏதுய்யா ஆறு?”

“நாளைக்கி வரும்லா.”

சார்ஜன் போட்டிருந்த சீருடையும் காலிஞ்சு தைத்ததுதான். வாதாட மூச்சில்லாமல் உள்ளே விட்டார்.

மேடையில் இருவரும் நிற்கும் இடங்களைக் கேட்டு, நடுவே டேப்பை விரித்தார். சரியாக நாலு கஜம். “புள்ள சரியாத்தான் எழுதியிருக்கு” என்றார். பிறர் சொன்ன அளவை அவர் ஒப்புக்கொண்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த சிக்கல் தங்கைகள். பாவாடையைக் கழற்ற மாட்டோம் என்று இருவரும் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஓடிவிட்டார்கள். காலிஞ்சு குந்தி உட்கார்ந்து கெஞ்சினார். பூப்போட்ட பாவாடைக்குச் சத்தியம் செய்தார். கடைசியில் யாரையும் தொடவிடாத தன் டேப்பையே கொடுத்தார். அவர்கள் அவருடைய மூக்கை அளந்து பார்த்த பிறகுதான் பாவாடைகள் வந்தன.

மறுநாள் காலைக்குள் கைகள் தயாராகிவிட்டன. துண்டு துண்டாகச் சேர்த்த தையல், ஆனால் ஐந்து கஜம். தன் புது வேட்டியைக் கிழித்து நுனியில் ஒரு கஜம் ஒட்டியிருந்தார்.

“மிச்சம் எதுக்குண்ணே?” என்றேன்.

“பையன் ரெண்டடி தள்ளி நின்னுட்டா என்ன பண்றது?”

ஆ சோங் வந்தான். வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் ஆட்டம் உச்சத்துக்கு வந்தது. நீலத் துணி ஆறாக மேடையில் நெளிய, மேய் லான் தோளைச் சுழற்றி வீசினாள். வெள்ளைக் கை ஆற்றுக்கு மேலே பறந்துபோய் அவன் உள்ளங்கையில் விழுந்தது. மேளம் நின்றது. அதோடு அவன் விட்டுவிட வேண்டும். விடவில்லை. அவளும் இழுக்கவில்லை.

வெளியாட்கள் ஐந்து மணிக்குள் வாசலைத் தாண்டியாக வேண்டும். சார்ஜன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மேடையருகே வந்தார்.

“ஆட்டம் முடிஞ்சிருச்சில்ல? விடச் சொல்லுங்க.”

காலிஞ்சு அவர் முன்னால் போய் நின்றுகொண்டார்.

“கொஞ்சம் பொறுங்க சார்ஜன். தையல் தாங்குதான்னு பையன் இழுத்துப் பாக்குறான்.”

சார்ஜன் அவரைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பிறகு தொப்பியைக் கழற்றி நிதானமாகத் துடைக்க ஆரம்பித்தார். அன்றைக்கு எனக்கு அந்தத் தையல்காரரை அவ்வளவு பிடித்திருந்தது.