முந்திரிக்காட்டில் கிடைத்த போன்

இந்த சீசனில் முந்திரிக்காட்டுப் பக்கம் கால் வைப்பதில்லை என்று தமிழழகன் சபதம் எடுத்தான். உட்கார்ந்தால் முதுகு வலி. குனிந்தால் இடுப்பு வலி. வேலை என்று யாராவது சொன்னால் இரண்டும் சேர்ந்து வலி.

ஆனால் உடையார்பாளையத்தில் காட்டை வைத்துக்கொண்டு, பழம் விழுகிற நேரத்தில் ஒருத்தன் வீட்டில் படுத்துக் கிடக்க அவன் மனைவி கீதாஞ்சலி விடுவாளா?

வழி காட்டியது ஒரு பேய்ப்படம். காட்டில் காணாமல் போனவர்களின் கேமராவில் இருந்த காட்சியாம். ஒரே ஆட்டம், மூச்சிரைப்பு, கடைசியில் அலறல். அது வெறும் படம் என்று அரியலூர் நண்பன் பிரேம் சொல்லும்வரை, பட்டப்பகலில் குளிக்கப் போகக்கூட மனைவியைத் துணைக்கு அழைத்தவன் தமிழழகன்.

‘நானே நம்பிட்டேன். இவ நம்பமாட்டாளா?’

கொடியில் கிடந்த வேட்டியையும் பழைய போனையும் எடுத்துக்கொண்டு மாலையில் காட்டுக்குப் போனான். வேட்டியைக் கிளையில் தொங்கவிட்டான். படம் எடுத்தபடியே ஓடினான், விழுந்தான், புரண்டான், அலறினான். அலறிய அலறலில் தனக்கே பயம் வந்துவிட, வேட்டியை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்து விழுந்தான்.

“கீதா, நம்ம காட்டுல யாரோ போனைப் போட்டுட்டு ஓடியிருக்காங்க. உள்ள பாரு!”

பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். “ஐயோ! ஏங்க, இது யாருன்னு தெரியுதா?”

“பேயிடி!”

“வாயைக் கழுவுங்க. வெள்ளை வேட்டியும் அந்த நிக்கிற தோரணையும்... செத்துப்போன நம்ம மாமாங்க!”

“எ... எங்கப்பாவா?”

அதற்குள் வீடியோ குடும்ப குரூப்புக்குப் போய்விட்டது. ஜெயங்கொண்டம் அத்தை வாய்ஸ் நோட்டிலேயே ஒப்பாரி வைத்தாள்: “என் அண்ணேஏஏ! இப்படி எளைச்சுப் போயிட்டியே!”

அடுத்த வாய்ஸ் நோட்டில் சித்தப்பா கிருஷ்ணமூர்த்தி தொண்டையைச் செருமினார். “க்கும்... அண்ணனேதான். ஆடி ஆடி நிக்கிறாரு பாரு, இருந்தப்பவும் இதே ஆட்டந்தான். மவன் காட்டைக் கவனிக்கலைன்னு கோவம். சீசன் முடியறமுட்டும் அவன் தெனம் போயி, தன் கையால கொட்டை பொறுக்கணும்.”

துபாய் மச்சான் பதினாறு கும்பிடு அனுப்பினான்.

காலை முதல் பஸ்ஸிலேயே அத்தை வந்து இறங்கினாள். தமிழழகன் நெற்றி நிறையத் திருநீறு பூசி, அவன் தோளில் சாக்கைப் போட்டாள். “அப்பாவை நல்லா விசாரிச்சேன்னு சொல்லுப்பா,” என்று மூக்கைச் சிந்தினாள்.

தமிழழகனால் தாங்க முடியவில்லை. தூக்குவாளியை வாங்கும் சாக்கில் மனைவியின் காதருகே குனிந்தான்.

“அடியே, அது அப்பா இல்லடி. என் வேட்டிடி!”

“தெரியும்ங்க. மீன்கொழம்புக் கறை எனக்குத் தெரியாதா?” அவளும் கிசுகிசுத்தாள். “அத்தைகிட்ட சொல்லட்டுமா?”

அவன் தலை தானாக ‘வேண்டாம்’ என்று ஆடியது.

“அப்ப கெளம்புங்க. சாயங்காலம் வரும்போது மாமாவைக் கிளையிலேருந்து எடுத்தாந்துருங்க. சோப்புத் தண்ணில ஊறவைக்கணும்.”