ஒரே மேடையில் இரண்டு பிணங்கள்

என்னிடம் வேலை பார்த்த இளைஞர்கள் அவ்வப்போது ஒரு யோசனையோடு வருவார்கள். "சார், டேட்டாபேஸ் நகலை ஒரே புரோகிராம் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தால் எப்போது முடிவது? நான்கை ஒரே நேரத்தில் ஓடவிடுவோம். ஒன்று எழுதும்போது மற்றதைத் தடுக்கிற இந்தப் பூட்டு கீட்டையெல்லாம் எடுத்துவிட்டால் பறக்கும்." நான் உடனே மறுக்க மாட்டேன். முதலில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வேன். ஏனென்றால் அவர்கள் பிறப்பதற்கு முன்பே, எண்பதுகளில், கடத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இதே யோசனையை நான் நடத்திப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் இல்லாமல், நான்கு மனிதர்களை வைத்து.

அப்போது நான் சேலத்தில் கம்ப்யூட்டர் படித்துவிட்டுத் திரும்பியிருந்தேன். (படித்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. கம்ப்யூட்டர் ஏ.சி. அறைக்குள் இருந்தது. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி வழியாகத் தரிசித்துவிட்டு வந்தோம்.) ஊரில் அந்த வார்த்தை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், ரேடியோ ரிப்பேரிலிருந்து மாட்டு வைத்தியம் வரை என் அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் கிறிஸ்தவக் கோயிலில் திருவிழா வந்தது. கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார் சவரிமுத்து ஒரு நாடகம் எழுதியிருந்தார். நல்ல விவசாயி சூசை, கெட்ட வட்டிக்காரன் ராயப்பன். கடைசியில் சூசை செத்துப்போவான், ஊர் அழ வேண்டும். நடிப்பவர்கள் நான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு பிரதி வேண்டியிருந்தது. தருமபுரியில் ஜெராக்ஸ் வந்திருந்தது. ஆனால் பங்குச் சாமியார் விலையைக் கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். அதனால் கதாநாயகனாக நடித்த ஸ்தேவான் ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தான். அழகான கையெழுத்து, ஆனால் ஆமை வேகம். இவன் முதல் காட்சியில் இருக்கும்போதே உபதேசியார் மூன்றாம் காட்சியை மாற்றிவிடுவார்.

இதற்கிடையில் எனக்கு ஒரு சொந்தக் கவலை. பாப்பாரப்பட்டியிலிருந்து பெண் வீட்டார் திருவிழாவுக்கு வருவதாக இருந்தார்கள். திருவிழா ஒரு சாக்கு. என்னைப் பார்ப்பதற்குத்தான் வருகிறார்கள். பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் திறமையைக் காட்ட இதைவிட நல்ல சமயம் வருமா?

"எங்கிட்ட வுடுங்க சாமி. நாலு பேரையும் ஒரே நேரத்துல எழுத வெச்சா வேல முடிஞ்சுது. கம்ப்யூட்டர்ல இப்பிடித்தான்" என்றேன். சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. அதனாலேயே சம்மதித்தார்.

கோயில் பள்ளிக்கூடத்தில் நான்கு மூலையில் நான்கு பேரை உட்கார வைத்தேன். உபதேசியாரின் நோட்டைக் காட்சி காட்சியாகப் பிரித்து நடுவில் வைத்தேன். முதலில் கட்டுப்பாடோடுதான் ஆரம்பித்தேன். ஒரு காட்சியின் தாள்களை எடுத்தவன், தன் வேலை முடியும்வரை அதை யாருக்கும் தரக்கூடாது.

கொஞ்ச நேரத்தில் அறை அமைதியானது. அட, என்ன ஒழுங்கு என்று எட்டிப் பார்த்தேன். ஒருவனும் எழுதவில்லை. இரண்டாம் காட்சி ஸ்தேவான் கையில். அதை முடிக்க அவனுக்கு மூன்றாம் காட்சியில் ஏதோ பார்க்க வேண்டும். மூன்றாம் காட்சி, வட்டிக்காரனாக நடித்த லூர்து கையில். அவனுக்கு இரண்டாம் காட்சி வேண்டும்.

"நீ குடு, நான் குடுக்குறன்."

"அதயேத்தான்டா நானும் சொல்றன்."

டீ வந்து ஆடை கட்டியும் இருவரும் அசையவில்லை. மற்ற இருவரும் இவர்கள் முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. "ஒரு கட்டுப்பாடும் வேணாம். எது கைக்குக் கெடைக்குதோ அத எழுதுங்க. உபதேசியார் திருத்தம் குடுத்தா, எது மொதல்ல வருதோ அதப் பண்ணிட்டு அடுத்தவனுக்குத் தள்ளி வுடுங்க" என்று உத்தரவு போட்டேன். அடடா, என்ன வேகம்! நான்கு பேனாவும் குதிரையாக ஓடின. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

அப்போதுதான் மைக் செட் செலவை ஏற்றுக்கொண்டிருந்த பெரியவர் வந்தார். அவர் பெயரும் ராயப்பன்.

"ஏங்க உபதேசியாரே, மைக் செட்டும் நான் குடுத்துப்போட்டு, வட்டிக்கு வுடுற திருட்டுப்பய பேரும் எம்பேராங்க?"

உபதேசியார் பதறிப்போய் ஒரு துண்டுச் சீட்டு எழுதினார்: 'சூசை, ராயப்பன் இரண்டு பெயர்களையும் மாற்றிப் போடவும்.' இப்போது நல்லவன் ராயப்பன். பெரியவர் சந்தோஷமாகப் போனார். போனவர் பாதி வழியில் திரும்பி வந்தார்.

"அப்ப கடசீல எம்பேருக்காரன்தான சாவுறான்? திருவிழாவும் அதுவுமா நல்லாவாங்க இருக்குது?"

இரண்டாவது சீட்டு: 'கடைசியில் ராயப்பன் சாகக் கூடாது. சூசைதான் சாக வேண்டும்.'

இரண்டு சீட்டும் அறையைச் சுற்றி வந்தன. லூர்து முதல் சீட்டை முதலில் பார்த்தான். பெயர்களை மாற்றினான், பிறகு வட்டிக்காரச் சூசையைச் சாகடித்தான். சரி. ஸ்தேவானுக்கு இரண்டாவது சீட்டு முதலில் கிடைத்தது. அவன் தாளில் ஏற்கெனவே சூசைதான் செத்துக்கொண்டிருந்தான். 'சரியாத்தான இருக்குது' என்று விட்டுவிட்டான். பிறகு முதல் சீட்டு வந்தது, பெயர்களை மாற்றினான். அவன் பிரதியில் நல்லவன் ராயப்பன் செத்துப்போனான். இரண்டு பேரும் இரண்டு சீட்டுக்கும் கீழ்ப்படிந்தவர்கள். ஒருவன்மேலும் குற்றம் சொல்ல முடியாது. (என்னைத் தவிர.)

கடைசிக் காட்சிக்கு ஒத்திகை பார்க்கவில்லை. அழுகைதானே, தானாக வரும் என்று நான்தான் சொன்னேன்.

மாலைப் பூசை முடிந்து நாடகம் தொடங்கியது. முன்வரிசையில் பெரியவர் ராயப்பன், அவர் பக்கத்தில் ஸ்டெல்லாவின் அப்பா, பின்னால் ஸ்டெல்லா. நான் திரைமறைவில் வசனம் எடுத்துக்கொடுக்க உட்கார்ந்திருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசிக் காட்சியில் நல்லவனும் கெட்டவனும் கட்டிப் புரண்டார்கள். ஸ்தேவான் "ஆண்டவரே!" என்று கத்திவிட்டுச் செத்து விழுந்தான். அதே நொடியில் லூர்தும் "ஐயோ!" என்று செத்து விழுந்தான்.

ஸ்தேவானின் பிரதிப்படி அடுத்த வசனம் லூர்துவுடையது. லூர்துவின் பிரதிப்படி ஸ்தேவானுடையது. இரண்டு பிணங்களும் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்தவன் பேசட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தன. பெண் வேடம் போட்டவன் யார்மேல் விழுந்து அழுவது என்று தெரியாமல், நடுவில் நின்று பொதுவாக அழுதான்.

நான் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. "யாராவது ஒருத்தன் எந்திரிங்கடா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். முன்னால் மைக் இருந்தது நினைவில்லை. நான் சொன்னது கடத்தூர் ரோடு வரைக்கும் கேட்டது.

இரண்டு பேரும் எழுந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். 'அவன் எழுந்துவிட்டானே' என்று மரியாதையாக இரண்டு பேரும் மறுபடி செத்தார்கள்.

பெரியவர் ராயப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. ராயப்பன் இருக்கானா, செத்தானா?"

"இருக்கானுங்க!" என்றார் உபதேசியார்.

"செத்துட்டானுங்க!" என்றான் போலீஸ் வேடக்காரன், தன் பிரதியைப் பார்த்து.

"மைக்கக் கழட்டுங்கடா" என்றார் பெரியவர்.

அதோடு நாடகம் முடிந்தது. ஸ்டெல்லாவின் அப்பா என்னிடம் வந்து, மேலும் கீழும் பார்த்தார். "தம்பிதான் கம்ப்யூட்டருங்களா?" என்றார். மேடையில் மூன்றாவது பிணத்துக்கு இடம் இருந்தது. போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அவர் எங்கள் வீட்டில் காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார். நான் அன்று அழுதேன், பொதுவாக அல்ல, ஸ்டெல்லாவுக்காகவே அழுதேன்.

சம்பந்தம் முறிந்தது என்று எல்லோரும் கைகழுவிய பிறகு, பாப்பாரப்பட்டியிலிருந்து ஆள் வந்தது. பெண் பிடிவாதமாக இருக்கிறாளாம். "சிரிச்சு சிரிச்சு வவுறு புண்ணாப்போச்சு. இந்த ஆள வுட்டா எங்க கெடைக்கும்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். எங்கள் திருமணத்தில் வார்த்தைப்பாடு சொல்லும்போது சாமியார் என்னை மட்டும் பார்த்து, "ஒவ்வொருத்தரா, வரிசையா" என்றார். கோயிலே சிரித்தது.

இன்றும் எங்கள் வீட்டில் காலையில் இரண்டு பிணங்கள் கிடக்கும். அடுத்தவர் எழுந்து காப்பி போடட்டும் என்று இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டெல்லா, கண்ணைத் திறக்காமலே, "யாராவது ஒருத்தன் எந்திரிங்கடா!" என்பாள். எழுந்து போவது எப்போதும் நான்தான். அவளிடம் இருக்கும் பிரதியில் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம்.