குளியலறைப் பாம்பு குறித்துச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

இங்கு நான், என் மனைவி, என் மகன், தங்கள் மகள் நால்வரும் உடல் நலத்துடன் இருக்கிறோம். தாங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் தங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. கேட்கலாம் என்று தொலைபேசியில் அழைத்தால் தாங்கள் எடுப்பதில்லை. எடுக்காதது நியாயமே.

எதையும் வரிசைப்படுத்தாமல் எழுத எனக்குக் கை வராது. ஆகவே முதலில் சுருக்கம்:

1. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் குளியலறையில் தங்களுக்கு நேர்ந்ததும், அதில் என் பங்கும்.
2. அந்தப் பாம்பு விஷமற்ற வெள்ளிக்கோல் வரையன்தான் என்பதற்கான அடையாளங்கள்.
3. தாங்கள் உள்ளிருந்து கண்டு சொன்னதை நான் ஏன் தலைகீழாக எடுத்துக்கொண்டேன் என்பதும், அது ஏன் சரி என்பதும்.
4. மன்னிப்பு.
5. குழந்தை பிறக்கும் முன் தாங்கள் இங்கு வரவேண்டும் என்ற வேண்டுகோள்.

இதைப் படித்துப் பார்த்த என் மனைவி, "மன்னிப்புக்கு முன்னாடி பாம்ப வச்சிருக்கீங்க பாருங்க, அதுதான் நீங்க" என்றாள். மாற்றி எழுதலாம் என்றுதான் நினைத்தேன். வரிசை குலைந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அன்று தாங்கள் குளிக்கப் போன சற்று நேரத்தில் "சம்பந்தி" என்று ஒரு குரல் வந்தது. தாங்கள் கட்டட ஒப்பந்தக்காரர், மூன்றாம் மாடிக் கொத்தனாரைத் தரையில் நின்றே அதட்டிப் பழகிய குரல், அது அன்று கதவிடுக்கு வழியாக நூல் மாதிரி வந்தபோதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கதவை ஒட்டி ஒரு பாம்பு, சின்னது, கறுப்பு, வெள்ளை வெள்ளையாகப் பட்டை, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் நிற்கிறேன் என்றீர்கள். அந்தக் கதவு உள்பக்கமாகத் திறப்பது, திறந்தால் பாம்பு தங்கள் பக்கம்தான் வரும், ஆகவே திறக்கவும் முடியவில்லை. வேறு யாராக இருந்தாலும் கம்பைத் தேடியிருப்பார்கள். நான் புத்தகத்தைத் தேடினேன். வேலை பார்த்த காலம் முழுதும் நூலகத்தில் புத்தகங்களை வகை பிரித்தவன் நான், ஒன்று இன்னது என்று தெரியாமல் அதன்மேல் கை வைக்க எனக்கு மனம் வராது. பாம்புகளை அடையாளம் காணும் கையேடு அலமாரியில் பறவைகளுக்கு அடுத்து இருக்கவேண்டியது, யாரோ சமையலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். தாமதத்துக்கு அதுவே காரணம். கையேட்டை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தது தவறு. தாங்கள் உள்ளே நின்றுகொண்டிருந்தீர்கள்.

"சம்பந்தி, பட்டை எந்தப் பக்கம் தெளிவா இருக்கு? தலப்பக்கமா, வால் பக்கமா?"

"யோவ், ஒரு கம்பு குடுங்கய்யா மொதல்ல!"

"இத மட்டும் சொல்லிட்டீங்கன்னா, கம்பு வேணுமா வேணாமான்னே தெரிஞ்சிடும்."

"வால் பக்கம்தான்யா பளிச்சுனு இருக்கு. தலப்பக்கம் ஒண்ணையும் காணோம்."

"கண்ணாடி போட்டிருக்கீங்களா?"

"குளிக்கறப்போ எவன்யா கண்ணாடி போடுவான்?"

தாங்கள் என்னை 'யோவ்' என்று அழைத்தது அதுவே முதல் முறை. தவறாக நினைக்கவில்லை. அதற்குமேலும் நான், "முதுகு நடுவுல ஓடுற செதில் மட்டும் பெருசா, ஆறு மூலையா இருக்கா?" என்று கேட்டதற்குத் தாங்கள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. என் மனைவி ஓடிவந்தாள். "அவரு உயிரக் கையில புடிச்சிட்டு நிக்கறாரு, நீங்க வெளிய உக்காந்து பரீட்சை வைக்கிறீங்களா? அண்ணா, நீங்க ஜன்னல் வழியா வந்துடுங்க!" என்றாள். நான் அவசரமாகக் கையேட்டை மூடி, "வேணாம் சம்பந்தி, அது விஷமில்லாதது, தாண்டி வாங்க" என்றேன். "நிச்சயமா?" என்று கேட்டீர்கள். நான் எதையும் நிச்சயமாகச் சொன்னதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். "பெரும்பாலும்" என்றேன். அந்த ஒரு சொல்தான் தங்களை ஜன்னலில் ஏற்றியது.

"எந்தப் படுபாவி இந்த ஜன்னல வச்சான்? அரை ஆளுக்கு அளவெடுத்திருக்கான்!" என்று பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே இருந்தபடி கேட்டீர்கள். அந்தக் குளியலறையைத் திருமணத்துக்கு முன் கட்டிக்கொடுத்தவர் தாங்களே என்பதை நாகரிகம் கருதி நான் அப்போது சொல்லவில்லை. இப்போதும் குறையாகச் சொல்லவில்லை. துண்டு கொக்கியில் மாட்டிக்கொண்டதும், தாங்கள் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியோடு விழுந்ததும், அந்த வீட்டம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு படுக்கை விரிப்பை வீசியதும், அதைச் சுற்றிக்கொண்டு, "இந்த வீட்டு வாசப்படிய இனி மிதிச்சா என்னன்னு கேளுங்க!" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் வண்டி ஏறியதும் தெரு முழுக்கப் பார்த்தது.

இதுவரை நடந்தது விபத்து. இனி எழுதுவதுதான் என் பங்கு. தாங்கள் போன பிறகு கதவிடுக்கு வழியாகத் தாழ்ப்பாளை நெம்பித் திறந்து, இடுக்கியோடு உள்ளே போனேன். பாம்பு சீறவில்லை, ஓடவில்லை, தலையைத் தன் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டது. இவ்வளவு கூச்சப்படுகிற பிராணியை நான் முகம் பார்க்கும் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறேன். பழப்பாகுப் பாட்டில் ஒன்றில் அதை இறக்கி, மூடியில் துளையிட்டு, வாசலுக்குக் கொண்டுபோனேன். துணி தேய்ப்பவர், மாடிவீட்டுக்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லாரும் கூடினார்கள். "பாத்தீங்களா, பாவம், இது ஒண்ணுமே செய்யாது. இதுக்குப் போயி எங்க சம்பந்தி ஜன்னல்ல குதிச்சிட்டாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சொல்லி நாலு பேர் சிரிப்பது எனக்குப் பழக்கமில்லை, சம்பந்தி. சுகமாக இருந்தது. இன்னொரு முறையும் சொன்னேன். துண்டு மாட்டிக்கொண்டதை நடித்தும் காட்டினேன். திரும்பினால் பின்னால் தங்கள் மகள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"மாமா, எங்கப்பாவ நெனச்சுத்தான எல்லாரும் சிரிக்கிறாங்க?" என்றாள். நான் பாட்டிலை உள்ளே கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன்.

அதன்பின் அவள் என்னிடம் பேசுவதில்லை. தட்டை என்முன் வைக்கும் சத்தத்தில்தான் எல்லாம் தெரிகிறது. தெருவில் தங்களுக்கு 'ஜன்னல் சம்பந்தி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நேற்று என் மகனிடம், "எங்கப்பா வந்து நின்னாத்தான் கொழந்தையோட இந்த வீட்டுக்குள்ள வருவேன். இல்லன்னா ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா அங்கதான்" என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னால் செய்வாள், தங்கள் பெண்.

இரண்டாவதற்கு வருகிறேன். வரையனும் கட்டுவிரியனும் பார்வைக்கு ஒன்றுபோலவே கறுப்பில் வெள்ளைப் பட்டை கொண்டவை. வரையனுக்குப் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால் நோக்கி மங்கும். கொடிய விஷமுள்ள கட்டுவிரியனுக்கு முன்பக்கம் மங்கி, வால் பக்கம் தெளியும். நம் பாம்பு சிறியது, சாது, பட்டையும் தலைப்பக்கமே தெளிவு, அதற்குக் காரணம் மூன்றாவதில். ஆகவே வரையன். மூன்றாவது: தாங்கள் வால் பக்கம் தெளிவு என்றீர்கள். கண்ணாடி இல்லாதவர் சுருண்ட பாம்பில் வாலைத் தலையென்று கொள்வது இயல்பு என்று கருதி, தாங்கள் சொன்னதைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். பிறர் தவறாகக் குறித்த புத்தகங்களைத் திருத்தியே பழகிய புத்தி அது.

நான்காவது: மன்னித்துவிடுங்கள். பாம்புக்காக அல்ல, வாசலில் நான் சொன்னதற்காக. இதற்கு அடையாளங்கள் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஐந்தாவது: பிரசவத்துக்கு முன் வாருங்கள். ஒன்றும் செய்யாத சின்னப் பாம்பு, பயப்பட ஏதுமில்லை. குளியலறைக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொல்லிவிட்டேன்.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கம். வீட்டிலுள்ள சிறியவர்கள் எல்லாரும் எல்லா நலமும் பெற்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும்
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன், இரண்டாவதில் ஒரு வார்த்தை சரிபார்க்கலாம் என்று சாப்பாட்டு மேசையிலிருந்த பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாம்பு முதல் முறையாக உடலை நீட்டியிருந்தது. தலை எது, வால் எது என்பதில் இப்போது ஐயமில்லை. வால் பக்கம்தான் பட்டை பளிச்சென்று இருக்கிறது. முதுகு நடுவே கழுத்திலிருந்து வால்வரை பெரிய செதில்கள், ஒவ்வொன்றும் ஆறு மூலை; வரையனுக்கு அது கிடையாது. கையேட்டின் அடுத்த பக்கத்தையும் அப்போதுதான் படித்தேன். பகலில் தலையைச் சுருளுக்குள் ஒளித்துக்கொண்டு சாதுவாகக் கிடப்பது கட்டுவிரியனின் வழக்கமாம். இது அதன் குட்டி.

மூடியில் நான் போட்ட துளைகள் நினைவுக்கு வந்து, அவற்றின்மேல் கையேட்டை வைத்துவிட்டுப் பாம்பு பிடிப்பவரை அழைத்தேன். அவர் வந்து அதை எடுத்துப் போய்விட்டார். பிறகு வெறுங்கையோடு வாசலுக்குப் போனேன். துணி தேய்ப்பவரிடமும் மற்றவர்களிடமும், "அது கட்டுவிரியன். எங்க சம்பந்தி குதிச்சதுதான் சரி. நான் சொன்னதக் கேட்டுத் தாண்டியிருந்தா இன்னைக்கு அவரு இல்ல" என்றேன். "அப்போ நாலு நாளா அத சாப்பாட்டு மேசையிலயா வச்சிருந்தீங்க?" என்றார் மாடிவீட்டுக்காரர். ஆமாம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், இம்முறை என்னைப் பார்த்து. உள்ளிருந்து தங்கள் மகள், "மாமா, போதும், வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றாள்.

கடிதத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தால் இன்றைய தபால் போய்விடும். ஐந்தாவது அப்படியே நிற்கிறது, 'ஒன்றும் செய்யாத', 'பயப்பட ஏதுமில்லை' என்பவற்றை மட்டும் தாங்களே பேனாவால் அடித்துவிடுங்கள். இரண்டாவது முழுக்க மூன்றாவதன்மேல் ஏறி நின்றது, தானே விழுந்துவிடும். தாங்கள் கண்ணாடியில்லாமல், சோப்பு நுரையோடு, வாளிமேல் நின்று பார்த்துச் சொன்னது சரி. மூன்றாவது தவறு.