ஐப்பசியில் வாங்கிய முந்நூறு ரோஸ் மழைக்கோட்டுகள்

எனக்கு வியாபாரம் தெரியும் என்று நான் நம்பிய காலம் மொத்தமே மூன்று வாரம். அதற்குள் முந்நூறு மழைக்கோட்டு வாங்கிவிட்டேன்.

சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் ஸ்டோர்ஸ் வேலை பார்த்தேன். ஆன்லைனில் பொருள் விற்றுக் கொழித்தவர்களின் வீடியோக்களாகப் பார்த்து, ஒருநாள் வேலையை விட்டுவிட்டேன். கடைசி நாளன்று கேட் வாசலில் எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்து, கூடவே ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன்.

"இனிமே மழையில நனைஞ்சிகினு ஷிப்டுக்கு வர்ற பொழப்பு எனக்கில்ல சார்!"

சூப்பர்வைசர் தனசேகர் சார் போண்டாவை மென்றபடி தலையாட்டினார். (இன்னொரு போண்டாவை எடுத்து என் வாயில் திணித்திருக்கலாம்.)

வீடியோக்கள் சொன்ன ரகசியம் ஒன்றுதான். யாருக்கும் வேண்டாதபோது வாங்கு, எல்லோருக்கும் வேண்டும்போது வில். ஐப்பசி பிறந்த வாரம், வடக்கே ஒரு மொத்த வியாபாரி மழைக்கோட்டுகளைப் பாதி விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். இதோ மழை பிடித்துக்கொள்ளப் போகிறது, இந்த நேரம் பார்த்தா இப்படி விற்பார்? பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவருக்காக உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

என் மனைவி மல்லிகா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, இவ்ளோ கம்மிக்கு ஏன் குடுக்கறாங்க?"

"அவங்களுக்கு டைமிங் தெரியல" என்றேன்.

போட்ட பணம் அவளுடையது. ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி இரண்டு வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்தது. மேலே தட்டோடு பதிக்க வேண்டும் என்று அவள் மாசா மாசம் சீட்டுக் கட்டிச் சேர்த்தது.

"மழை வந்ததும் கோட்டு பறந்துடும். உடனே தட்டோடு போட்டுடலாம்" என்றேன்.

"மழை பேயும்போது எப்படிங்க தட்டோடு போடுவாங்க?"

அன்று சாயங்காலமே ஆர்டர் போட்டேன். அவளும் தடுக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெட்டிகளைப் பிரித்தால் முந்நூறும் ரோஸ் கலர். ஒன்பதாவது படிக்கும் என் மகள் கயல் ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றாள், போட்டோ எடுத்து விற்பனைக்குப் போட்டோம். ஒரு வாரம் ஒரு ஆர்டரும் இல்லை. நம் பக்கத்து ஆட்கள் தேடினாலும், மறுநாளே கொண்டுவந்து தருகிற பெரிய விற்பனையாளர்களுக்குப் பின்னால் என் கோட்டு எங்கோ கிடந்தது. எட்டாம் நாள் வடக்கே இருந்து ஒரு கேள்வி வந்தது. மூன்று பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். இந்தியை மாற்றிப் போன் இப்படிக் காட்டியது:

"ஐயா, எங்கள் ஊரில் மழை நின்று ஒரு மாதம் ஆகிறது. இந்தக் கோட்டு குளிர் தாங்குமா?"

கயல்தான் முதலில் சிரித்தாள். எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. நாட்டில் முக்கால்வாசிப் பேருக்கு ஆடியில் மழை. ஐப்பசியில் கோட்டு தேடுகிறவர்கள் நாம்தான். நான் பரிதாபப்பட்ட அந்த வியாபாரி, சீசன் முடிந்து கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பெருக்கித் தள்ளிய இடத்தில் நான் நின்றிருந்தேன்.

மழைக்கு மட்டும் டைமிங் தவறவில்லை. அந்த வாரமே வந்தது. ஹாலில் மூன்று இடத்தில், அடுப்பங்கரையில் சரியாக அடுப்புக்கு மேலே ஒழுகியது. மல்லிகா ஒரு ரோஸ் கோட்டைப் பிரித்து மாட்டிக்கொண்டு தோசை சுட்டாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "உங்க கம்பெனியில ரெண்டு மணிக்கு ஷிப்டு விடும்ல? அத்தினி பேரும் நனைஞ்சிதான வருவாங்க? அங்க போயி நிப்போம் வாங்க."

"அந்த கேட்டுக்கா? செத்தாலும் வரமாட்டேன்."

"சரி, நான் போறேன். நீங்க குண்டான்ல ரொம்பற தண்ணிய ஊத்திகினு இருங்க."

அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. இரண்டு மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு போனோம். நானும் ஒரு ரோஸ் கோட்டை மாட்டி, தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஷிப்டு விட்டது. முதலில் வெளியே வந்தவர் தனசேகர் சார். என் தொந்தியை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாப்பா, மழையில நனைஞ்சிகினு வர்ற பொழப்பு வேணாம்னு போனியே?"

"நனையல சார். கோட்டு போட்டிருக்கேன்."

அவர் சிரித்த சிரிப்பில் செக்யூரிட்டி எழுந்து வந்துவிட்டார். சிரித்து முடித்ததும் ஒரு கோட்டை வாங்கி அங்கேயே மாட்டிக்கொண்டு, உள்ளே திரும்பிக் கத்தினார்: "டேய், நம்ம ஸ்டோர்ஸ்காரன் வந்திருக்கான். ஆளுக்கொண்ணு வாங்குங்கடா!" அந்த உடம்புக்கு ரோஸ் கலர் கொஞ்சமும் பொருந்தவில்லை. ஆனால் அவரே போட்டபிறகு மற்றவர்களுக்கு என்ன கூச்சம்? மழை விடுவதற்குள், மூன்றே நாளில், வீட்டில் நாங்கள் போட்டிருந்த மூன்றைத் தவிர எல்லாம் தீர்ந்தது. சொற்பொழிவு ஆற்றிவிட்டுப் போனவனை அவர் அந்தக் கேட்டில் வைத்து என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். அந்த நன்றியை நான் இதுவரை சரியாகச் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

தையில் தட்டோடு பதித்தோம். ஆன்லைன் வியாபாரம் இன்றும் ஓடுகிறது. மழைக்கோட்டை இப்போது தை, மாசியில் வாங்கி ஆனியில் விற்கிறேன். எதை வாங்கப் போனாலும் மல்லிகா கேட்பாள்: "அங்க மழையா, வெயிலான்னு விசாரிச்சீங்களா?"

அந்த ரோஸ் கோட்டுகள் இன்னும் கிழியவில்லை. மழை நாளில் வில்லியனூர்ப் பக்கம், காலாப்பட்டுப் பக்கம், எங்கே போனாலும் ஒன்று எதிரே வண்டியில் வரும். பின்னால் உட்கார்ந்திருக்கும் கயல் என் முதுகைத் தட்டுவாள்.

"அப்பா, நம்ம வீட்டுத் தட்டோடு போவுது பாரு!"

உள்ளே இருப்பது யார் என்று தெரியாது. இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவேன்.