வான்கோழி காண் படலம்

வாழ்க, பென்டில் ஹில் நகர்க் காவலன், ஓட்டுக்கூரை ஒற்றைமாடி உடையோன், கொக்குவில் தந்த கோமகன், பரமற்றா வடிகால் அலுவலகத்திலே முப்பது மைல் குழாயை மூன்று முழத் தாளில் அடக்கிய முதுபெரும் வரைவாளன், யோகராணி மணாளன் கணேசலிங்கம் வாழ்க. அவன் புகழ் பாடும் இக்காதை இடையூறின்றி நடக்க, கூடத்து மூலையில் இரு கொம்பு விரித்து, கொம்பு நுனியில் அலுமினியத் தாள் சுற்றி வீற்றிருக்கும் அன்ரெனாவே, நீயே காப்பு. வேறொன்றும் செய்ய வேண்டாம், அசையாமல் நின்றால் போதும்.

போரின் காரணம் கேண்மின். எழுபத்தேழாம் ஆண்டு மார்கழியில், அலுவலகத்துக் காலைத் தேநீர் வேளையில், பிஸ்கட் தட்டைச் சூழ்ந்திருந்த வரைவாளர் குழாம் ஒரு பெரும் பொருளை ஆராய்ந்துகொண்டிருந்தது. ஆங்கில நாட்டில் ஆண்டு பலவாய் ஓடி, கடல் கடந்து வந்து, சிட்னி மாநகரின் கூடங்களையெல்லாம் தன் குடைக்கீழ் ஆண்ட தொலைக்காட்சிச் சிரிப்பு நாடகம் ஒன்று உண்டு. அதன் கிறிஸ்மஸ் சிறப்புப் பகுதிகளுள் தலைசிறந்தது எது என்பதே வழக்கு. ஏணி உடைகிற பகுதி என்றான் ஒருவன். மாமியார் வந்து போக மறுக்கிற பகுதி என்றான் இன்னொருவன். வான்கோழிப் பகுதிக்கு நிகர் எதுவுமில்லை என்று தீர்ப்புரைத்தான் கெவின் என்னும் செம்முகத்தோன். பிறகு எல்லோரும் திரும்பி, உனக்கு எது கணேஷ் என்று கேட்டார்கள்.

நம் வேந்தனோ அந்நாடகத்தில் ஒரு பகுதியைக்கூடக் கண்டதில்லை. பெட்டி வீட்டுக்கு வந்தே ஆறு வாரம்தான். ஆயினும் நான்கு ஆண்டுகளாய் அதே மேசையில் மற்றவர் வாயைப் பார்த்து, ஒரு நொடி பிந்திப் பிந்திச் சிரித்துச் சலித்திருந்த அவன் நா, அவனைக் கேளாமலே புரண்டது. எனக்கும் வான்கோழிதான் என்றான். மேசை அதிர்ந்தது. கெவின் எழுந்து வந்து அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். புத்தாண்டு கழிந்த முதல் தேநீருக்கு அந்தக் கடைசிக் காட்சியைக் கணேஷ் நடித்துக் காட்டுவான் என்று அங்கேயே பறை சாற்றப்பட்டது. அன்று மாலை ரயிலில் நின்றபடி வந்த கணேசலிங்கத்துக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது; நடிக்கப்போகும் பெருமையை மட்டும் வீட்டில் யோகராணியிடம் சொன்னான்.

ஆனால் விதி அவனைக் கைவிடவில்லை. நேயர் மனம் கவர்ந்த கிறிஸ்மஸ் பகுதிகளை மறுபடி காட்டப்போகிறோம் என்று நிலையத்தார் அறிவித்தார்கள். வான்கோழி, கிறிஸ்மஸ் மாலை ஏழரை மணிக்கு. பத்திரிகையில் அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டு, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தான்.

அந்நாளும் வந்தது. தார் உருகும் வெயில் தணியாத மாலையில், குளித்து நீறணிந்து, நல்ல கதிரையைப் பெட்டிக்கு நேரே இழுத்து, மின்விசிறியை வலப்புறத்தும் மிக்சர்த் தட்டை இடப்புறத்தும் நிறுத்தி, படைவகுத்த பெருமிதத்தோடு அவன் அமர்ந்தபோது மணி ஏழு ஐந்து. அப்போது அழைப்பு மணி அடித்தது.

வாயிலில் நின்றவர்கள் ஹோம்புஷ் நாட்டுத் தேவராஜாவும் அவன் மனைவி சந்திரகலாவும். ஊர் விட்டு வந்து மூன்று மாதமே ஆன புதுக்குடி. கையில் எண்ணெய்த் தாளில் பொதிந்த கேக். முன்னறிவிப்பு இல்லை; நம்மவர் வீட்டுக்கு நம்மவர் போக அறிவிப்பு எதற்கு? அவர்கள் செருப்பைக் கழற்றி முடிக்கும் முன்னரே யோகராணி பெட்டியை அணைத்து, தன் கையால் பின்னிய வெள்ளை நூல் விரிப்பை அதன் மேல் போட்டுவிட்டாள். வந்தவரை இருத்திவிட்டு வீட்டுக்காரர் ரீவி பார்ப்பதாவது. அச்செய்தி அன்றிரவே ஹோம்புஷை அடைந்து, மறுவாரம் விமானத் தபாலில் கொழும்பு போய், அங்கிருந்து யாழ்தேவி ரயிலில் ஏறிக் கொக்குவிலில் இறங்கிவிடும். கணேசலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கோ, இருங்கோ என்றான்.

தொடங்கியது பெருஞ்சமர். முதற்கணையாகச் சுவர்க் கடிகாரத்தை நோக்கினான். விருந்தினரும் ஆவலோடு அதையே நோக்கினர். இரண்டாம் கணையாகக் கொட்டாவி விட்டான். அது தேவராஜாவுக்கும் தொற்றியதன்றி வேறு பயன் விளையவில்லை. மூன்றாவதாக, மலை பிளக்கும் வேல் போல ரயில் அட்டவணையை எடுத்து வீசினான்.

"ஏழு இருபத்தைஞ்சுக்கு ஒரு ரெயின் இருக்கு. அதை விட்டால் பிறகு எட்டேகாலுக்குத்தான்."

"நாங்கள் எட்டேகால் ரெயினில ஆறுதலாப் போறம், அண்ணை" என்றான் தேவராஜா. "வீட்டில ஒரு அலுவலும் இல்லை."

நூல் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்த அவன் தொண்டையைச் செருமினான். "நல்ல பெட்டி. கலரோ? படம் தெளிவா விழுமோ?"

"ஓம், விழும்."

"இந்த நேரத்தில ஏதும் நல்ல நிகழ்ச்சி போகும் போல."

கணேசலிங்கம் விழிப்படைந்தான். இது வேவு. ஓம் என்றால், விருந்தாளி முகம் பாராமல் பெட்டி பார்க்கத் துடித்தவன் என்ற பழி வந்து விடியும். மானமே உயிரெனக் கொண்ட மறவன் நிமிர்ந்து உட்கார்ந்து முழங்கினான்: "நாங்கள் உதுகள் அவ்வளவாப் பாக்கிறேல்லை."

தேவராஜா தலையைக் குனிந்துகொண்டான். சந்திரகலா கேக்கை இன்னும் சிறு துண்டுகளாக வெட்டத் தொடங்கினாள்.

ஏழு இருபத்தெட்டு. நெருக்கடி முற்றிய அவ்வேளையில், வீட்டரசியே கணவனின் அரணைத் தகர்த்தாள். "இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோவன்" என்றாள் யோகராணி, எல்லோரும் சொல்வது போல. இதற்கு விருந்தினர் மும்முறை வேண்டாம் என்று சொல்லி, நாலாம் முறை எழுந்து போவதே நம் குலமுறை. சந்திரகலாவோ முதல் முறையே, "உங்களுக்குக் கரைச்சல் இல்லையெண்டால் சரி, அக்கா" என்றுவிட்டாள். மத்தியானச் சோற்றில் மிஞ்சியது ஒரு கைப்பிடி என்பதை அறிந்த யோகராணி, ரொட்டிக்கு மாக் குழைக்கக் குசினிக்குள் ஓடினாள்.

மணி ஏழரை. திறந்த சன்னல் வழியே, பக்கத்து வீட்டுப் பெட்டியிலிருந்து நாடகத்தின் தொடக்க இசை மிதந்து வந்தது. அதைத் தொடர்ந்து வந்தது சிரிப்பு. ஆங்கில நாட்டு அரங்கொன்றில் நூறு பேர் சிரிக்க, அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டார் ஐவர் சிரிக்க, அலையலையாய் வேலி தாண்டி வந்து கணேசலிங்கத்தின் நெஞ்சில் மோதியது. சிரிப்பு வந்தது, சிரித்ததன் காரணம் வரவில்லை. அங்கே வான்கோழி என்ன செய்கிறது? பறக்கிறதா, எரிகிறதா, யார் தலையிலாவது விழுகிறதா? காதைத் தீட்டிக்கொண்டு, கண்ணை விருந்தினர் மேல் நாட்டி, வாயால் ஹோம்புஷின் வீட்டு வாடகை பற்றி வினவிக்கொண்டிருந்த அம்மும்முனைப் போரை எந்தச் சேனாதிபதியும் நடத்தியிருக்க மாட்டான். ஒவ்வொரு சிரிப்புக்கும் தேவராஜாவும் பேச்சை இடையில் விட்டுவிட்டுச் சன்னலைப் பார்த்தான். வெக்கை தாங்கவில்லை போலும் என்று நம் வேந்தன் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டான். ரொட்டி வந்தது. சம்பல் வந்தது. இருவரும் ருசி தெரியாமல் தின்றார்கள்.

ஏழு ஐம்பத்தேழுக்கு, பக்கத்து வீட்டில் கூரை பெயர்வது போல ஒரு சிரிப்பு எழுந்தது. யாரோ தரையில் காலை உதைத்தார்கள். அதுதான் கடைசிக் காட்சி என்று கணேசலிங்கத்துக்கு விளங்கியது. அவனுக்கு அழுகை வந்தது. சம்பல் உறைப்பு என்று சொல்லித் தண்ணீர் குடித்தான். முடிவிசையும் ஓய்ந்தது.

அது ஓய்ந்த அக்கணமே விருந்தினர் இருவரும் எழுந்துவிட்டனர். வாசற்படியில் செருப்பை மாட்டியபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு தேவராஜா வாய் திறந்தான்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எங்களிட்ட ரீவி இல்லை. உங்கட வீட்டில அந்த வான்கோழி நாடகம் பாக்கலாமெண்டுதான் வந்தனாங்கள். நீங்கள் பாக்கிறேல்லை எண்ட உடன கேக்க வெக்கமாப் போச்சு. எங்கட ஒபிசில எல்லாரும் அதைத்தான் கதைக்கினம். நானும் பாத்தனான் எண்டு சொல்லிப்போட்டன்."

கணேசலிங்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்போது குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த யோகராணி, கணவனின் பெருமை அறிந்த பத்தினி, உதவிக்கு வந்தாள்.

"அதுக்கென்ன, இவர் முந்தியே பாத்தவர். இவருக்கு அதுதான் எல்லாத்திலும் பிடிச்சதாம். ஒபிசில நடிச்சும் காட்டப்போறார்."

தேவராஜாவின் முகம் விளக்கேற்றியது போல மலர்ந்தது. போட்ட செருப்பை மறுபடி கழற்றினான். "அப்ப கதையைச் சொல்லுங்கோவன், அண்ணை" என்றான்.

அதில் ஒரு வான்கோழி வரும் என்று சொன்னான் கணேசலிங்கம்.